சூரிய கிரகணம் பார்ப்பது எப்படி? டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கிரகணம் வரும் வாரத்தில் மட்டும் எனக்குச் சொந்தக்காரர்கள் அதிகமாகிவிடுவார்கள். கும்பகோணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் வானம் காட்டுகிற பழக்கம் இருப்பதால், எட்டு வருஷமாகப் பேசாத ஒன்றுவிட்ட பெரியப்பா கூட போன் போட்டு "எத்தனை மணிக்கு விடுது?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான். அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன், இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடுவேன்.

எல்லாம் கிரகணம்தானே, எதற்கு இத்தனை பெயர்?

சட்டியையும் மூடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சூரியன் சட்டி, நிலா மூடி. சூரியனின் விட்டம் நிலாவைப் போல ஏறக்குறைய 400 மடங்கு, தூரமும் ஏறக்குறைய 400 மடங்கு, அதனால் இங்கிருந்து பார்க்க இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஆனால் நிலா பூமியை நேர்வட்டத்தில் சுற்றவில்லை. கிட்டே வரும்போது சுமார் 3.63 லட்சம் கி.மீ., தள்ளிப் போகும்போது சுமார் 4.05 லட்சம் கி.மீ. கிட்டே இருக்கிற நாளில் மூடி சட்டியைச் சரியாக மூடிவிடும், அது முழு கிரகணம். தள்ளி இருக்கிற நாளில் மூடி சின்னதாகிப் போய், சுற்றிலும் சட்டியின் விளிம்பு தெரியும். அதுதான் வளைய கிரகணம், பஞ்சாங்கத்தில் கங்கண கிரகணம் என்று போடுவார்கள். மூடி கோணலாக உட்கார்ந்தால் பகுதி கிரகணம். நான்காவதாக ஒன்று உண்டு, கலப்பு கிரகணம்: பூமி உருண்டையாக இருப்பதால் ஒரே கிரகணம் பாதையின் நடுவில் முழுசாகவும் இரண்டு முனையில் வளையமாகவும் தெரியும். 2023 ஏப்ரல் 20 அன்று வந்தது அந்த வகை, ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் ஒரு நிமிடம் போல இருட்டியது. நமக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

முழுசோ வளையமோ, அது தெரிகிற பாதை ஒடுக்கமானது, பெரும்பாலும் நூறு இருநூறு கி.மீ. அகலம்தான். பாதைக்கு வெளியே ஆயிரக்கணக்கான கி.மீ. வரைக்கும் எல்லோருக்கும் பகுதி கிரகணம்தான். ஆக "இன்றைக்கு வளைய கிரகணம்" என்று டிவியில் சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, நம் ஊருக்கு என்ன கிரகணம் என்பது.

மாதாமாதம் அமாவாசை வருகிறது, கிரகணம் ஏன் வருவதில்லை?

நிலா சுற்றும் தளம் ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் அது சூரியனுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் அமாவாசை விழுந்தால்தான் கிரகணம். அந்தப் புள்ளிகளுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்தான் ராகு, கேது. பாம்பு விழுங்குகிறது என்பது கதை. அந்தக் கதைக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது, ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிரெதிரே, பின்னோக்கி நகர்ந்தபடி இருப்பதாகச் சொல்வது வானியல்படியும் சரியே. ராகு கோயிலுக்குத் திருநாகேஸ்வரத்துக்கும் கேது கோயிலுக்குக் கீழப்பெரும்பள்ளத்துக்கும் போகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

வருஷத்துக்கு உலகத்தில் எங்காவது குறைந்தது 2, அதிகபட்சம் 5 சூரிய கிரகணங்கள் வரும்.

2019இல் திருச்சியில் மோதிரம் மாதிரி தெரிந்ததாமே, கும்பகோணத்தில் ஏன் தெரியவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை, வியாழக்கிழமை. வளையப் பாதை ஊட்டி, கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று கோணலாக இறங்கி இலங்கைக்குப் போனது. திருச்சி அந்தப் பாதையின் வட ஓரத்தை ஒட்டி உள்ளே இருந்தது. கும்பகோணம் வெளியே. நடுவில் 90 கி.மீ. சொச்சம். எனக்கு இது முன்னாலேயே தெரியும், ஆனாலும் "நமக்கும்தான் பெரும்பகுதி மறையப் போகிறதே, எதற்கு அலைச்சல்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். காலை ஒன்பதரைக்கு இங்கே மெல்லிய பிறை ஒன்று தெரிந்தது, அழகாகவே இருந்தது. பத்து மணிக்கு திருச்சியிலிருந்து மைத்துனர் போன் போட்டு, மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் முழு வளையத்தையும் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு வானத்தில் ஆர்வமே கிடையாது, பால் வாங்கப் போனவர்.

அதற்கு முன்னால் 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்து வந்த நாள், மதியம். அன்று வளையம் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம். தனுஷ்கோடியில் சுமார் 10 நிமிடம் நின்றது. வளையத்துக்கு அது ரொம்ப நீளம். 2019இல் 3 நிமிடம் போலத்தான்.

90 சதவீதம் மறைந்தாலும் முழுசாக மறைந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்குமா என்ன?

இருக்கும். நான் ஏமாந்ததே இதில்தான். முழு நிலாவைப் போல சூரியன் ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு வெளிச்சம். அதில் 99 சதவீதம் மறைந்துபோனால் கூட மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் முழு நிலாவைப் போல 4,000 மடங்கு. அதனால் வானம் இருட்டாது. 2019இல் வளையத்தின் நட்டநடுவில் நின்றவர்களுக்கே சூரிய வட்டத்தில் 94 சதவீதம்தான் மறைந்தது, அங்கேயும் பகல் பகலாகத்தான் இருந்தது. வெயில் மட்டும் ஒரு மாதிரி வெளிறிப் போகும், மஞ்சள் இல்லாமல் ஈயம் பூசியது போல. உச்சிவேளையிலும் நிழல் ஓரங்கள் கூர்மையாகத் தெரியும், லேசாகக் குளிரும்.

முழு கிரகணத்தில் அந்தக் கடைசி ஒரு சதவீதமும் போய்விடும். அப்போது சில வினாடிகளுக்குள் பகல் அந்திக்கருக்கலாகி, சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி வெள்ளையாகக் கொரோனா என்கிற சூரியனின் வெளி வளிமண்டலமும் தெரியும். (வைரஸுக்கு அந்தப் பெயர் வந்ததே, நுண்ணோக்கியில் அதன் விளிம்பு சூரியனின் கொரோனா போல இருந்ததால்தான்.) வெள்ளி போன்ற கோள்கள் பளிச்சிடும், பறவைகள் அடையப் போகும். அதிகபட்சம் ஏழரை நிமிடம், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்.

நம் பக்கம் முழு கிரகணமே வராதா?

ஒரே இடத்துக்கு முழு சூரிய கிரகணம் திரும்ப வர சராசரியாக 375 வருஷம் ஆகும் என்று கணக்கு. தமிழ்நாட்டில் நன்றாகப் பதிவான ஒன்று 1871 டிசம்பர் 12. ஏறக்குறைய 2019இன் பாதைதான் அதுவும்: நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, அப்புறம் யாழ்ப்பாணம். சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில் முகாம் போட்டார், பிரெஞ்சுக்காரர் ஜான்சென் நீலகிரியில் சோலூரில் இருந்தார். இதே ஜான்சென் மூன்று வருஷம் முன்னால், 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைக் குண்டூரில் பார்த்தவர், ஹீலியம் கண்டுபிடிப்பின் கதை தொடங்குவது அந்தக் கிரகணத்தில். அன்றைக்கு வனபர்த்தியில் தொலைநோக்கியோடு நின்றவர்களில் சென்னை வானாய்வகத்தின் ரகுநாதாச்சாரியும் ஒருவர், நம் பாடப்புத்தகங்களில் இன்னும் நிறைய இடம் கிடைத்திருக்க வேண்டிய மனிதர்.

நம் காலத்தில் 1980, 1995, 1999, 2009 என்று இந்தியாவில் வந்த முழு கிரகணங்கள் எல்லாமே நமக்கு வடக்கே போய்விட்டன, நமக்குப் பகுதிதான். அடுத்து 2034 மார்ச் 20, அது காஷ்மீர், லடாக் பக்கம்.

வெறும் கண்ணால் எப்போது பார்க்கலாம்?

முழு கிரகணத்தில், சூரியன் முழுசாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும். ஓரத்தில் வைர மோதிரம் போல ஒரு பொட்டு மின்னியதும் கண்ணாடியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். வளைய கிரகணத்திலும் பகுதி கிரகணத்திலும் ஒரு வினாடி கூடக் கூடாது, ஆரம்பம் முதல் கடைசி வரை. ஆக டெல்டாவில் இருந்தபடி பார்ப்பவருக்கு, நம் வாழ்நாளில் வருகிற எந்தக் கிரகணத்தையும் வெறும் கண்ணால் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரகணத்தன்று விசேஷமாக ஏதோ கதிர் வருவதில்லை. மற்ற நாளில் சூரியனைப் பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், அன்று வெளிச்சம் குறைந்திருப்பதால் மூடாமல் உற்றுப் பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சுடுகிறது என்பதே தெரியாமல் சுட்டுவிடும், சில மணி நேரம் கழித்துத்தான் நடுப்பார்வையில் ஒரு கறை தெரிய ஆரம்பிக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு இருக்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

எக்ஸ்ரே பிலிம் வழியாகப் பார்க்கலாமா? பாட்டி காலத்தில் சாணித் தண்ணீரில் பார்ப்பார்களே?

எக்ஸ்ரே பிலிம் வேண்டாம். போட்டோ நெகட்டிவ், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, இரண்டு மூன்று அடுக்காக வைத்தாலும் வேண்டாம். கண்ணுக்கு இருட்டாகத் தெரிவது வேறு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி உள்ளே வராமல் இருப்பது வேறு.

தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணி கரைத்த தண்ணீரோ வைத்துப் பார்ப்பது நல்ல எண்ணம், ஆனால் போதாது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தண்ணீர் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், சூரியன் தாழ்வாக இருந்தால் இன்னும் அதிகம். சரியான கிரகணக் கண்ணாடி லட்சத்தில் 3 பங்கு அளவுக்கு மேல் விடுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டி சாணித் தண்ணீரில் பார்த்தும் கண் நன்றாகத்தான் இருந்தது, அவர் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனவர். இன்றைக்குப் பிள்ளைகள் அப்படியா, பத்து நிமிடம் குனிந்தபடி நிற்பார்கள்.

வாங்குவதானால் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட கண்ணாடி. வெல்டிங் பட்டறையில் கேட்டால் 14ஆம் எண் கண்ணாடி கிடைக்கும், அதுவும் சரி. பட்டறையில் சாதாரணமாகக் கிடப்பது 10, 11ஆம் எண், அதைக் கொடுத்து "இதுவே போதும் சார்" என்பார்கள், போதாது.

கண்ணாடி கிடைக்கவில்லை, என்ன செய்வது?

எனக்குப் பிடித்தது கண்ணாடி இல்லாத முறைதான். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எந்தச் சின்னத் துளை வழியாக வெயில் விழுந்தாலும் அது சூரியனின் படமாகத்தான் விழும். சாதாரண நாளில் மரத்தடியில் வட்ட வட்டமாக வெயில் பொட்டுகள் கிடக்குமே, அது இலை இடுக்கின் வடிவம் கிடையாது, சூரியனின் வடிவம். கிரகணத்தன்று எல்லாப் பொட்டும் பிறையாகிவிடும். 2019இல் எங்கள் வாசலில் நடந்தது இது: மார்கழி என்பதால் கோலம் பெரிதாகப் போட்டு நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகியிருந்தது. மேலே வேப்பமரம். ஒன்பதே கால் இருக்கும், எதிர்வீட்டுச் சின்னப்பெண் "கோலத்து மேல யாரோ நகம் நகமா வெட்டிப் போட்டிருக்காங்க" என்றாள். போய்ப் பார்த்தால் புள்ளிக்கும் கம்பிக்கும் இடையே நூற்றுக்கணக்கான பிறை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, காற்றடித்தால் ஒன்றாக நடுங்குகின்றன. பூசணிப்பூ மேலே கூட ஒன்று. தெருவே வந்து குனிந்து நின்றது. திருச்சி போகாத துக்கத்தில் பாதி அங்கே கழிந்தது.

மரம் இல்லையென்றால் இடியாப்பத் தட்டு, முறுக்கு அச்சு, ஜல்லிக்கரண்டி, எதை வேண்டுமானாலும் வெள்ளைச் சுவருக்கோ தரைக்கோ முன்னால் பிடியுங்கள். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, விழுகிற படத்தைப் பார்க்க வேண்டும். பெரிய படம் வேண்டுமென்றால், கைக்கண்ணாடி ஒன்றின் மேல் பட்டாணி அளவு ஓட்டை போட்ட தாளை ஒட்டி, வாசலில் வைத்து வெயிலைத் திருப்பி வீட்டுக்குள் இருட்டான சுவரில் அடியுங்கள். பத்து மீட்டர் தள்ளி அடித்தால் 9 செ.மீ. அகலத்துக்குச் சூரியன் விழும். படுக்கையில் இருக்கிற தாத்தாவுக்குக் கூடக் காட்டலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் வீதியிலும் பள்ளியிலும் இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

போனில் படம் எடுக்கலாமா?

லென்ஸுக்கு முன்னால் கிரகணக் கண்ணாடியைப் பிடித்து எடுக்கலாம், சின்னதாக ஒரு பொட்டுதான் வரும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ தொலைநோக்கியிலோ பார்த்துவிடாதீர்கள், குவிந்து வரும் வெளிச்சம் பிலிமையே பொசுக்கிவிடும். வடிகட்டி கருவியின் முன்பக்கம் இருக்க வேண்டும்.

கிரகணம் பிடித்திருக்கும்போது உலக்கை தானாக நிற்கிறதே?

நிற்கும். கிரகணம் இல்லாத செவ்வாய்க்கிழமையும் நிற்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தி, விடும்போது விழுந்துவிடும் என்று சொல்வார்கள். 2020 ஜூன் 21, ஊரடங்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாததால் அத்தை வீட்டு உலக்கையை வைத்து நாங்கள் சோதித்தோம். பூண் போட்ட அடிப்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால், கை நடுங்காமல் வைத்தால், நிற்கிறது. கிரகணம் முடிந்து ஒரு மணி நேரமாகியும் நின்றது, கடைசியில் பூனை தள்ளிவிட்டது. அடுத்த நாளும் நிறுத்திக் காட்டினேன். அத்தை நம்பவில்லை, "நேத்து பிடிச்சதோட தோஷம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

கர்ப்பிணிகள் வெளியே வரலாமா? சாப்பிடலாமா?

நிலாவின் நிழல் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. சாப்பாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. கர்ப்பிணியை மணிக்கணக்கில் தண்ணீர் கூடக் கொடுக்காமல் இருட்டு அறையில் வைப்பதுதான் ஆபத்து. தர்ப்பை போடுவது, ஸ்நானம், தர்ப்பணம், கோயில் நடை சாத்துவது எல்லாம் அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடுவதில்லை. தர்ப்பணம் கொடுக்க ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் ஒரு கண்ணாடியையும் எடுத்துப் போங்கள் என்பேன். காவிரிக்கரை போலத் திறந்த வானம் ஊருக்குள் எங்கே கிடைக்கும்?

ஒரு பஞ்சாங்கத்தில் ஒரு நேரம், இன்னொன்றில் வேறு நேரம். எதை நம்புவது?

வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாட்டின்படி போவது, திருக்கணிதம் இன்றைய கோள்நிலையை வைத்துக் கணக்கிடுவது. பார்ப்பதற்கு என்றால் திருக்கணிதம், அல்லது கொல்கத்தாவில் உள்ள நிலை வானியல் மையம் ஊர்வாரியாக வெளியிடும் நேரம்.

அதற்காக வாக்கியத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ஜான் வாரன் என்பவர் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, எழுதாமலேயே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிடிக்கும் நேரம் 4 நிமிடம் போலத்தான் தப்பியது. விடும் நேரம் இன்னும் அதிகமாகத் தப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து எதற்குத் தயாராகலாம்?

2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கை ஒட்டி. முழு கிரகணப் பாதை ஸ்பெயின், மொராக்கோ, எகிப்து, சவுதி, ஏமன் வழியாக. லக்சரில் 6 நிமிடத்துக்கு மேல், ஜெத்தாவில் 6 நிமிடம் போல இருட்டும். நமக்கு மாலையில் ஓரம் கடித்த சூரியன்தான். ஆனால் டெல்டாவில் தெருவுக்கு ஒரு பிள்ளை வளைகுடாவில் வேலை பார்க்கிறான், ஜெத்தாவில் இருப்பவனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அந்த மதியம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நாம் செலவு செய்துகொண்டு போகிற இடத்தில் அவன் சும்மாவே நிற்கிறான்.

2031 மே 21 வளைய கிரகணம், கொச்சி, தேனி, மதுரை வழியாக. அக்னி நட்சத்திர மதியம், மேகம் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. நான் மதுரைக்கு முந்தின நாளே போய்விடுவேன். பாதை ஓரத்தில் நின்று தெரியுமா தெரியாதா என்று தவிக்கிற வேலை இந்த முறை கிடையாது.

2019இல் வாங்கிய கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அதையே போடலாமா?

போட்டுக்கொண்டு டியூப் லைட்டைப் பாருங்கள். ஒன்றுமே தெரியக் கூடாது. அப்புறம் போன் டார்ச்சை பிலிமுக்குப் பின்னால் வைத்து, கண்ணாடியைத் தள்ளிப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்காவது ஒழுகினால், கீறலோ மடிப்போ இருந்தால், கத்தரித்துப் போடுங்கள். என்னுடையதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தோம், போன மாதம் எடுத்துப் பார்த்தால் இடது பக்கம் நடுவாந்திரமாக ஒரு மடிப்பு, அதில் மூன்று ஓட்டை.

வேறு வாங்க வேண்டும்.